டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் முகக் கட்டிகளுக்குச் சிரோலிமஸ் பூச்சு: முழுமையான வழிகாட்டி

மூக்கின் இரு பக்கங்களிலும் கன்னத்திலும் முகவாயிலும் கடுகளவில் தோன்றி மிளகளவுக்கு வளரும் சிவந்த முடிச்சுகள், டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்ற மரபணு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வருகின்றன. மருத்துவத்தில் இவற்றுக்கு ஆஞ்சியோஃபைப்ரோமா என்று பெயர். நுண்ணிய ரத்தக்குழாய்களும் நார்த்திசுவும் சேர்ந்து வளர்வதுதான் இந்த முடிச்சு. புற்றுநோய் அல்ல, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. ஆனால் லேசாக உரசினாலும் ரத்தம் கசியும். மூக்கோரத்தில் கொத்தாக வளர்ந்தால் மூச்சுக்கு இடைஞ்சலாகும். பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அது தரும் மனவேதனையை எந்தப் பரிசோதனையும் அளக்காது.

இந்த முடிச்சுகளுக்கு நெடுங்காலம் லேசர், மின்சூடு, அறுவை ஆகியவைதான் வழி. சிரோலிமஸ் மருந்தை மேற்பூச்சாகத் தடவிப் பார்த்த முதல் மருத்துவக் குறிப்பு 2010-இல் வெளியானது. 2018-இல் ஜப்பானும் 2022-இல் அமெரிக்காவும் 0.2% சிரோலிமஸ் ஜெல்லுக்கு அனுமதி கொடுத்தன. அடுத்த ஆண்டு ஐரோப்பாவிலும் அனுமதி கிடைத்தது.

ஒன்றை ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். இது நோயைக் குணப்படுத்தும் மருந்து அல்ல. முடிச்சைச் சுருக்கும், சிவப்பைக் குறைக்கும், புதிதாக வளர்வதைத் தடுத்து வைக்கும். நிறுத்தினால் திரும்ப வரும். குறைந்த அளவில், சரியான இடத்தில், விடாமல் பூசுபவர்களுக்குத்தான் பலன் கிடைக்கிறது. அதிகமாகப் பூசினால் சீக்கிரம் போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

பரு இல்லை என்பது முதலில் உறுதியாகட்டும்

ஆஞ்சியோஃபைப்ரோமா பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள் தலைகாட்டும். பருவ வயதில் எண்ணிக்கையும் அளவும் கூடும். பெரும்பாலான வீடுகளில் அப்போதுதான் அதைக் கவனிக்கிறார்கள், அதனாலேயே பரு என்று நினைத்து விடுகிறார்கள். பருவில் கரும்புள்ளி, வெண்புள்ளி, சீழ் இருக்கும், வரும், போகும். ஆஞ்சியோஃபைப்ரோமா வந்தால் போகாது. கரும்புள்ளி, சீழ் எதுவும் இருக்காது. மூக்கையொட்டிய மடிப்பில் கூட்டமாக இருக்கும். மேலுதடு பெரும்பாலும் தப்பிவிடும். மாநிறத்திலும் கருநிறத்திலும் உள்ள தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாமல், பழுப்பாகவோ தோலின் நிறத்திலேயோ பளபளப்பாகத் தெரியும்.

பரு என்று நினைத்துக் கடையில் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு கலந்த கிரீம்கள் இங்கே பெரிய தொல்லை. முடிச்சுகள் கொஞ்சம் வெளுத்தாற்போல் தெரியும். சில மாதங்களில் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் விரிந்து, உண்மையான பருவும் சேர்ந்து கிளம்பும். அப்படிப்பட்ட முகத்தில் நேராகச் சிரோலிமஸ் ஜெல்லைத் தடவினால் தாங்க முடியாத எரிச்சல் வரும். முதலில் ஸ்டீராய்டை நிறுத்தித் தோலைத் தேற்றிக்கொள்ள வேண்டும். அதற்குச் சில வாரங்கள் ஆகும்.

முகத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட ஆஞ்சியோஃபைப்ரோமா இருப்பது டியூபரஸ் ஸ்கிளிரோசிஸுக்கான முக்கிய அடையாளங்களில் ஒன்று. அத்துடன் உடம்பில் வெளிறிய இலை வடிவத் திட்டுகள், இடுப்புக்கு மேலே முதுகில் ஆரஞ்சுத் தோல் போன்ற தடித்த திட்டு, நகத்தையொட்டி வளரும் சதை, நெற்றியில் தடித்த மேடு ஆகியவற்றையும் மருத்துவர் தேடுவார். 20 வயதுக்கு மேல் முதல்முறையாக இப்படி முடிச்சுகள் வந்தால் வேறு மரபணு நோய்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு முடிச்சிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்தால் தெளிவாகிவிடும்.

மருந்து செய்யும் வேலை

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸில் டிஎஸ்சி1 அல்லது டிஎஸ்சி2 என்ற மரபணுவில் பழுது இருக்கும். இரண்டும் சேர்ந்து எம்டார் என்ற வளர்ச்சி விசைக்குக் கடிவாளம் போடுபவை. கடிவாளம் அறுந்த செல் வளர்ந்துகொண்டே போகும். சிரோலிமஸ் செல்லுக்குள் எஃப்கேபிபி12 என்ற புரதத்தோடு சேர்ந்து எம்டாரை மடக்குகிறது. பழுது எங்கே இருக்கிறதோ அங்கேயே போய் அடிப்பதால்தான் முடிச்சு சுருங்குகிறது. மேல்தோலை உரித்தெடுப்பதால் அல்ல.

இதே மருந்துக்கு ராபமைசின் என்றும் பெயர். மருந்துச்சீட்டில் இரண்டில் எது எழுதியிருந்தாலும் ஒன்றுதான். 1964-இல் கனடாவிலிருந்து ஈஸ்டர் தீவுக்குப் போன ஆய்வுக்குழு எடுத்துவந்த மண்ணில் இருந்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்தது இது. மாண்ட்ரியலில் அதைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தவர்களில் முதன்மையானவர் சுரேந்திரநாத் சேகல். 1999-இல் சிறுநீரக மாற்று அறுவை செய்தவர்களுக்கான உள்மருந்தாக அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து என்ற பெயர் அதற்கு அங்கேதான் ஒட்டிக்கொண்டது.

சிரோலிமஸின் மூலக்கூறு பெரியது. எடை 914 டால்டன். 500-க்கு மேற்பட்டவை தோலை ஊடுருவுவது கடினம் என்பது பொது விதி. அதனால் மருந்து எதில் கரைந்திருக்கிறது என்பது, எத்தனை சதவீதம் என்பதைப் போலவே முக்கியம். ஆல்கஹால் கலந்த 0.2% ஜெல்லையும் வாசலினில் குழைத்த 0.2% களிம்பையும் எண் ஒன்று என்பதற்காகச் சமமாக நினைக்கக் கூடாது.

வலிமையும் அடிப்பொருளும்

பயன்பாட்டில் உள்ள வலிமைகள் 0.1%, 0.2%, 1%. கணக்கு எளிது: 0.1% என்றால் ஒரு கிராமில் 1 மி.கி., 0.2% என்றால் 2 மி.கி., 1% என்றால் 10 மி.கி. மருந்து. 179 பேரிடம் ஆறு மாதம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில் 1%, 0.1%, மருந்தில்லாத வெறும் கிரீம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டார்கள். 1% அதிகப் பலன் தந்தது, 0.1%-உம் வெறும் கிரீமைவிட நன்றாகவே வேலை செய்தது. ஜப்பானில் 62 பேரிடம் 12 வாரம் நடந்த ஆய்வுதான் 0.2% ஜெல்லுக்கு அனுமதி வாங்கித் தந்தது.

ஆயத்த ஜெல் கிடைக்காத இடங்களில், அல்லது விலை தாங்காதபோது, மருத்துவர் எழுதிக் கொடுத்ததை மருந்தாளுநர் தயாரித்துத் தருவார். வாங்குபவர் சரிபார்க்கத் தெரிந்திருக்க வேண்டிய கணக்கு இது: 30 கிராம் 0.1% களிம்புக்கு 30 மி.கி., அதாவது 1 மி.கி. மாத்திரை 30 வேண்டும். 0.2%-க்கு 60. 1%-க்கு 300 மாத்திரை. அது நடக்கிற காரியம் அல்ல. அத்தனை மாத்திரைத் தூளும் சேர்ந்தால் களிம்பு சிமெண்ட் கலவையாகிவிடும். 1% வேண்டுமென்றால் தூய சிரோலிமஸ் பொடியில்தான் செய்ய வேண்டும். "மாத்திரையை அரைத்து 1% செய்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் கணக்கைத் திருப்பிக் கேளுங்கள்.

ஒரு மில்லியில் 1 மி.கி. உள்ள குடிக்கும் கரைசலை வைத்துச் செய்வதில் இன்னொரு பொறி இருக்கிறது. அந்தக் கரைசலே ஏறக்குறைய 0.1% தான். அதைச் சம அளவு வாசலினோடு கலந்தால் 0.05% ஆகிவிடும். கரைசலை அப்படியே முகத்தில் தடவினால் எரிச்சல் அதிகம்.

வீட்டில் மாத்திரையை இடித்துக் குழைக்கும் வேலை வேண்டாம். தூள் காற்றில் பறக்கும், மூச்சில் போகும். கருவுற்றவர் அருகில் இருந்தால் ஆபத்து. சில மாத்திரைகளில் மருந்து வெளிப்பூச்சில்தான் இருக்கிறது, உள்ளே இருப்பது வெறும் சர்க்கரைக் கரு. சரியாக அரைபடாவிட்டால் ஒரு விரல் களிம்பில் மருந்து நிறையவும் அடுத்த விரலில் ஒன்றுமில்லாமலும் போகும். மருந்தாளுநர் மாத்திரையை மாவாக அரைத்து, கொஞ்சம் திரவப் பாரஃபினில் குழைத்து, அதே அளவு வாசலினைச் சேர்த்து, பிறகு அதற்குச் சமமாக மறுபடி சேர்த்து என்று படிப்படியாக விரிப்பார். வாங்கிய களிம்பைக் கண்ணாடித் துண்டில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அடுத்தது பெயர்க் குழப்பம். மருந்துக்கடையில் டாக்ரோலிமஸ் களிம்பு எளிதாகக் கிடைக்கும். வெண்புள்ளி (விட்டிலிகோ) நோய்க்கும் எக்சிமாவுக்கும் தருவது. 0.03%, 0.1% என்று அதிலும் வலிமை எழுதியிருக்கும். பெயரின் பின்பாதி ஒன்று என்பதாலும் 0.1% பொருந்துவதாலும் சிரோலிமஸுக்குப் பதில் அது கைக்கு வந்துவிட வாய்ப்பு உண்டு. டாக்ரோலிமஸும் செல்லுக்குள் அதே எஃப்கேபிபி12 புரதத்தைத்தான் பிடிக்கிறது, ஆனால் அது தடுப்பது கால்சினியூரின் என்ற வேறொரு புரதத்தை, எம்டாரை அல்ல. மாதக்கணக்கில் பூசினாலும் ஆஞ்சியோஃபைப்ரோமா அசையாது. டியூபில் 'சிரோலிமஸ்' அல்லது 'ராபமைசின்' என்று இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் படித்த பிறகு பணம் கொடுங்கள்.

தொடங்குவதற்கு முன்

ஆயத்த ஜெல்லுக்கு அமெரிக்காவில் உள்ள அனுமதி 6 வயதும் அதற்கு மேலும். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு வேண்டுமா என்பதை முழுக்க மருத்துவர்தான் முடிவு செய்வார்.

மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை சில. வலிப்புக்கோ மூளை, சிறுநீரகக் கட்டிக்கோ ஏற்கெனவே எவரோலிமஸ் அல்லது சிரோலிமஸ் மாத்திரை சாப்பிடுகிறவரா? மாத்திரையாலேயே முக முடிச்சுகளும் சுருங்கும். பூச்சு தேவைப்படாமலே போகலாம். வலிப்பு மருந்துகள், பூஞ்சைத் தொற்றுக்கான கெட்டோகோனசோல், இட்ராகோனசோல், பாக்டீரியாத் தொற்றுக்கான கிளாரித்ரோமைசின் போன்றவை சாப்பிடுகிறவரா? பூச்சிலிருந்து ரத்தத்தில் சேரும் அளவு மிகக் குறைவு என்றாலும், சிரோலிமஸ் உடலில் சிதைவதைத் தடுக்கும் மருந்துகளைக் குறிப்பில் எழுதி வைப்பது நல்லது. பூச்சு தொடங்குகிறோம் என்பதற்காக வலிப்பு மருந்தில் கைவைக்கவே கூடாது.

தடுப்பூசி: தட்டம்மை-ரூபெல்லா, சின்னம்மை, போலியோ சொட்டு மருந்து போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் நிலுவையில் இருந்தால் முதலில் அவற்றைப் போட்டு முடியுங்கள். சிகிச்சை நடக்கும்போது அவற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது ஜெல்லின் எச்சரிக்கை.

கருத்தரிக்கும் வயதுப் பெண்கள் சிகிச்சைக்கு முன்பும், சிகிச்சையின்போதும், கடைசியாகப் பூசியதிலிருந்து 12 வாரம் வரையிலும் கருத்தடை முறை பயன்படுத்த வேண்டும். திருமணம் நிச்சயமாகியிருந்தால் இந்தக் கணக்கை முன்கூட்டியே பேசிவிடுங்கள். கூச்சப்பட்டுக் கடைசி நேரத்தில் சொல்வதால் சிகிச்சையும் குழம்பும். ஆண்களுக்கு மாத்திரை வடிவில் விந்தணு எண்ணிக்கை குறைவதாகப் பதிவு உண்டு, அதனால் ஜெல்லின் எச்சரிக்கையிலும் அது இருக்கிறது.

முகத்துக்கு வைத்தியம் தொடங்கும் வேளையில் உடம்பின் மற்ற பரிசோதனைகள் விட்டுப்போகக் கூடாது. மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் எம்.ஆர்.ஐ, கண், இதயம், வயது வந்த பெண்களுக்கு நுரையீரல் என்று டியூபரஸ் ஸ்கிளிரோசிஸுக்கு வழக்கமான பட்டியல் உண்டு. தோல் மருத்துவரிடம் மட்டும் போய்க்கொண்டிருக்கும் குடும்பங்களில் இது அடிக்கடி நழுவுகிறது.

கடைசியாக, புகைப்படம். நேர்முகம், இடம், வலம் என மூன்று. ஜன்னலோர வெளிச்சம், ஒரே தூரம், ஃபிளாஷும் அழகூட்டும் ஃபில்டரும் இல்லாமல். மருத்துவர்கள் முகத்தை மதிப்பிடுவது சிவப்பு, முடிச்சின் அளவு, பரவிய பரப்பு ஆகிய மூன்றை வைத்து. அந்த மூன்றும் படத்தில் தெரிந்தால் போதும்.

எவ்வளவு பூச வேண்டும்

0.2% ஜெல்லுக்கு உச்ச வரம்பு இப்படி: 6 முதல் 11 வயது வரை நாளொன்றுக்கு 600 மி.கி. ஜெல், அதாவது டியூபிலிருந்து பிதுக்கினால் சுமார் 2 செ.மீ. நீளம். 12 வயதும் அதற்கு மேலும் 800 மி.கி., சுமார் 2.5 செ.மீ. இது நாள் முழுவதற்கும் சேர்த்து. காலையும் இரவும் பாதிப் பாதியாகப் பிரிக்க வேண்டும். ஒரு வேளைக்கு 1 அல்லது 1.25 செ.மீ. மட்டுமே.

முடிச்சுகள் குறைந்த பரப்பில் இருந்தால் இன்னும் குறைவாகப் போதும். ஏழுக்கு ஏழு செ.மீ. சதுரம், அதாவது சுமார் 50 சதுர செ.மீ. பரப்புக்கு ஒரு வேளைக்கு அரை செ.மீ. நீளம். ஒரு தாளில் ஸ்கேல் வைத்து அரை, ஒன்று, ஒன்றேகால் செ.மீ. கோடுகள் வரைந்து குளியலறைக் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் தினமும் ஊகிக்க வேண்டியதில்லை.

டியூப் எவ்வளவு நாள் வருகிறது என்பதும் ஒரு சோதனைதான். 10 கிராம் டியூப், உச்ச அளவில் பூசினால் 12 வயதுக்கு மேற்பட்டவருக்கு 12 நாள், சிறுவருக்கு 16 நாள் வரும். ஒரு வாரத்தில் தீர்ந்தால் அள்ளிப் பூசுகிறீர்கள். இரு கன்னமும் நிறைந்திருப்பவருக்கு இரண்டு மாதம் வந்தால் பூச மறக்கிறீர்கள்.

மருந்தாளுநர் தயாரித்த 0.1%, 1% களிம்புகளுக்கு இந்த நீளக் கணக்கு பொருந்தாது. அவற்றின் அளவை மருத்துவர் தனியாக எழுதித் தர வேண்டும்.

பூசும் முறை

1. சோப்பு குறைந்த மென்மையான திரவத்தால் முகம் கழுவுங்கள். தேய்க்காமல் துண்டை ஒற்றி ஈரம் எடுங்கள். ஸ்கிரப் வேண்டாம்.

2. பத்து நிமிடம் காயவிடுங்கள். ஈரத் தோலில் ஆல்கஹால் ஜெல் பட்டால் சுரீரென்று எரியும். முதல் வாரத்தில் பலர் கைவிடுவது இந்த ஒன்றால்தான்.

3. அளந்த ஜெல்லை விரல்நுனியில் எடுத்து முடிச்சுகள் உள்ள இடங்களில் மட்டும் புள்ளி புள்ளியாக வையுங்கள். மூக்கு மடிப்பு, கன்னம், முகவாய் என்று பிரித்து வைத்தால் ஒரே இடத்தில் தேங்காது.

4. மெல்லிய படலமாகப் பரப்புங்கள். முடிச்சில்லாத தோலுக்குப் பூசத் தேவையில்லை. கண்ணிமை, உதடு, மூக்குத் துவாரத்தின் உள்பக்கம், புண், சிராய்ப்பு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். மேலே பேண்டேஜோ பிளாஸ்டரோ ஒட்டக் கூடாது. மூடினால் மருந்து தேவைக்கு மேல் உள்ளே போகும்.

5. கையை உடனே சோப்பு போட்டுக் கழுவுங்கள். பிள்ளைக்குப் பூசிவிடும் அம்மாவோ பாட்டியோ கையுறை போட்டுக்கொள்ளலாம். கருவுற்றவர் என்றால் வேறு யாராவது பூசட்டும்.

6. ஜெல் நன்றாகக் காய்ந்த பிறகு காலையில் சன்ஸ்கிரீன், இரவில் மணமில்லாத ஈரப்பதக் கிரீம். உடனே பூசினால் ஜெல் கரைந்து கண்பக்கம் வழியும்.

ஜெல்லில் ஆல்கஹால் இருப்பதால் தீப்பற்றும். பூசிய முகத்தோடு அடுப்பருகே நிற்பதோ, கற்பூர ஆரத்தி எடுப்பதோ, பீடி சிகரெட் பற்றவைப்பதோ கூடாது. காலைப் பூசை வேளையும் மருந்து வேளையும் ஒன்றாக வரும் வீடுகளில் பூசையை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்.

சன்ஸ்கிரீனை அழகு விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். ஆஞ்சியோஃபைப்ரோமா திசுக்களின் மரபணுவில் புறஊதாக் கதிர் உண்டாக்கும் தனித்த வகைப் பழுதுகளைக் கண்டிருக்கிறார்கள். வெயிலே புதிய முடிச்சைத் தூண்டக்கூடும் என்பதே அதன் பொருள். மாத்திரை வடிவச் சிரோலிமஸுக்குத் தோல் புற்றுநோய் எச்சரிக்கையும் உண்டு. எஸ்பிஎஃப் 30 அல்லது மேல், துத்தநாக ஆக்சைடு உள்ளதாக இருந்தால் எரிச்சல் குறைவு. தொப்பியும் சேர்ந்தால் நல்லது.

சவரம் செய்பவர்கள் பிளேடை விட்டு டிரிம்மருக்கு மாறுங்கள். பிளேடு முடிச்சை வெட்டும், வெட்டுக்காயத்தில் ஜெல் பட்டால் எரிவதோடு உள்ளேயும் அதிகம் போகும். சவரம் காலையில் என்றால் அந்த வேளைப் பூச்சைச் சில மணி நேரம் தள்ளி வையுங்கள். ஃபேஷியல், பிளீச், முகத்தில் திரெடிங், வேக்சிங் ஆகியவற்றைச் சிகிச்சைக் காலத்தில் நிறுத்திவிடுவதே புத்திசாலித்தனம்.

உட்காராத பிள்ளைக்கு

டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் உள்ள குழந்தைகளில் பலருக்கு ஆட்டிசமோ அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடோ இருக்கும். முகத்தில் ஈரமாக எதையும் ஒட்டவிட மாட்டார்கள். உடனே தேய்த்துக் கண்ணில் பூசிக்கொள்வார்கள். ஜெல்லைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் வைத்தால் அந்தச் சில்லிப்பே போதும், மறுநாள் டியூபைப் பார்த்தாலே ஓடுவார்கள். அளந்த ஜெல்லைச் சில நொடி விரலில் வைத்துவிட்டுப் பூசுங்கள். முதல் சில நாள் வெறும் ஈரப்பதக் கிரீமை அதே நேரத்தில், அதே இடத்தில், அதே வரிசையில் பூசிப் பழக்கிவிட்டு அப்புறம் மருந்துக்கு மாறலாம். இரவு வேளைப் பூச்சைப் படுக்கைக்கு அரைமணி முன்பே முடித்தால் தலையணையில் துடைபடாது.

10 கிராம் 0.2% டியூபில் 20 மி.கி. சிரோலிமஸ் இருக்கிறது. சிறுநீரக மாற்றுக்குப் பெரியவர்கள் தினமும் சாப்பிடும் அளவு சுமார் 2 மி.கி. என்பதோடு ஒப்பிட்டால், பிள்ளை டியூபைக் கடித்துப் பிதுக்கி விழுங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அப்படி நடந்தால் டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வைப்பு

ஆயத்த ஜெல்லை 2 முதல் 8 டிகிரியில், அட்டைப் பெட்டியோடு, வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைக்கக் கூடாது. திறந்த தேதியை டியூபில் எழுதி, உறையில் சொன்ன காலத்துக்குப் பின் எறிந்துவிடுங்கள். வாசலின் களிம்பு சித்திரை, வைகாசி வெக்கையில் எண்ணெயாக உருகும். மருந்து அடியில் தங்கிவிடலாம். குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஒருமுறை உருகிப் பிரிந்த களிம்பை மறுபடி நம்ப வேண்டாம்.

எப்போது என்ன மாறும்

சிவப்புதான் முதலில் இறங்கும்; இரண்டு, மூன்று வாரத்திலேயே சிலருக்குத் தெரியும். ரத்தக் கசிவும் குறையும். சிறு முடிச்சுகள் தட்டையாக ஆறு முதல் பன்னிரண்டு வாரம் பிடிக்கும். 12 வாரத்துக்குப் பின்னும் எந்த மாற்றமும் இல்லையென்றால் மருத்துவரிடம் திரும்பப் போய்த் தொடர்வதா என்று பேச வேண்டும். பெரிய, கெட்டியான, பல வருடம் வளர்ந்து நார் ஏறிய முடிச்சுகளில் மருந்து ஓரளவுக்குத்தான் இறங்கும். சிறுவயதில், முடிச்சு சிறியதாகவும் சிவப்பாகவும் இருக்கும்போது தொடங்கினால் நல்ல பலன் கிடைப்பது இதனால்தான்.

மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரத்தில் படம் எடுங்கள். தினமும் பார்க்கும் கண்ணுக்கு மாற்றம் தெரியாது. படம் பார்க்காமலே "ஒன்றும் குறையவில்லை" என்று நிறுத்தியவர்கள் உண்டு.

தவறாகப் போவது எங்கே

எரிச்சல், வறட்சி, அரிப்புதான் அதிகம் வருபவை. லேசாக இருந்தால் இரவில் மட்டும், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று குறைத்து, தோல் தேறிய பின் மெல்ல ஏற்றலாம். இதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆல்கஹால் ஜெல் எந்த வகையிலும் தாங்கவில்லையென்றால் வாசலின் களிம்புக்கு மாறிப் பார்க்கலாம். வேகம் குறையும், ஆனால் நடுவில் விடாமல் பூச முடியும்.

பருவ வயதினருக்கு மருந்தோடு சேர்ந்து பருவும் வரலாம். அதற்கு பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் என்று வீட்டில் இருப்பதைச் சேர்த்துப் பூசினால் இரண்டின் எரிச்சலும் கூடும். எதை எப்போது என்று தனித்தனி வேளை பிரித்துத் தரச் சொல்லுங்கள். கண் சிவந்து நீர் வழிந்தால் ஜெல் கண்ணுக்குப் போகிறது என்று பொருள். நல்ல தண்ணீரில் கழுவி, அடுத்த முறை இமையிலிருந்து ஒரு விரல் தள்ளிப் பூசுங்கள்.

நீர்க்கொப்புளம் கூட்டமாக வந்தாலோ, தேன் நிறப் பொருக்கு தட்டினாலோ, சூடும் சீழும் தெரிந்தாலோ அன்றே நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்து பூசிய இடத்தில் ஹெர்பிஸும் பாக்டீரியாவும் வேகமாகப் பரவும். முகம், நாக்கு வீங்கினால் அது ஒவ்வாமை, காத்திருக்கக் கூடாது. புதிதாக மூச்சிரைப்பும் வறட்டு இருமலும் தொடர்ந்தாலும் சொல்ல வேண்டும். மாத்திரை வடிவில் அரிதாக நுரையீரலைப் பாதிப்பதால் ஜெல்லுக்கும் அந்த எச்சரிக்கை உண்டு. பெரிய பரப்பில் பூசுபவர்களுக்கும், மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடுபவர்களுக்கும் கொழுப்பு அளவையும் தேவைப்பட்டால் ரத்தத்தில் மருந்தின் அளவையும் மருத்துவர் பார்ப்பார்.

பலனே இல்லை என்று வருபவர்களிடம் காரணம் தேடினால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்: பெயர் மாறி வந்த டாக்ரோலிமஸ், கணக்குத் தப்பிய கலவை, வெயிலில் கிடந்த டியூப், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசியது, அல்லது பூச்சுக்கே அடங்காத பெரிய நார்முடிச்சு. முதல் நான்கையும் சரிபார்த்த பிறகுதான் வலிமையைக் கூட்டுவது பற்றிப் பேச வேண்டும்.

லேசரோடு சேர்த்து

சிவந்த முடிச்சுகளுக்கு 595 நானோமீட்டர் சாய லேசர், துருத்திய நார்முடிச்சுகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர் என்று பொதுவாகத் தேர்வு செய்வார்கள். கருநிறத் தோலில் லேசர் பட்ட இடம் கருத்துப்போகும் வாய்ப்பு அதிகம். காதோரம் ஒரு சிறு இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கும் மருத்துவரைத் தேடுங்கள். லேசரால் மேட்டைச் சமன் செய்து, பிறகு பூச்சால் மறுபடி வளராமல் பிடித்து வைப்பது நல்ல வரிசை. ஆனால் சிரோலிமஸ் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தும். லேசருக்கு முன் எப்போது நிறுத்துவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தபின் தோல் முழுக்க மூடும்வரை பூசாதீர்கள். குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக இருந்தால் வலிப்பு மருந்து விவரம், மூளை, இதயக் கட்டி விவரம் எல்லாம் மயக்க மருத்துவர் கைக்கு முன்கூட்டியே போய்ச் சேர வேண்டும். அன்று காலை வலிப்பு மாத்திரையை எப்படிக் கொடுப்பது என்று அவரிடமே கேளுங்கள்.

நீண்ட காலத்தில்

முகம் தெளிந்ததும் நிறுத்திவிடத் தோன்றும். நிறுத்தினால் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் சிவப்பு முதலில் எட்டிப்பார்க்கும், பின்னாலேயே முடிச்சு. மரபணுப் பழுது அப்படியே இருப்பதால் இதில் வியப்பில்லை. அதனால் சில மருத்துவர்கள் ஒரேயடியாக நிறுத்தாமல் தினம் ஒரு வேளை, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று இறக்கி, எந்த அளவில் முகம் அடங்கி நிற்கிறதோ அந்த அளவிலேயே தொடர வைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் அந்த அளவு வேறு. இறக்கும்போது மாதப் படத்தைத் தவறவிடாதீர்கள். மூக்கு மடிப்பில் மீண்டும் சிவப்பு தெரிந்தால் முந்தைய அளவுக்கு ஒரு படி ஏறினால் பெரும்பாலும் போதும். கர்ப்பத்துக்காகவோ அறுவைக்காகவோ நிறுத்த நேர்ந்தால், திரும்பத் தொடங்கும்போது தோல் புதுத்தோல் போலத்தான் எரியும். மறுபடி இரவு ஒரு வேளையிலிருந்து தொடங்குங்கள்.